வண்டிக்கு முன்னால் வந்த நிழல்

வண்டியை வாங்குவதா, பழைய வண்டி ஒன்றை வெட்டி மாற்றிக்கொள்வதா, புதிதாகக் கட்டுவதா என்று நாச்சிமுத்து பதினான்கு மாதமாக முடிவெடுக்காமல் இருந்த காரணத்தால், பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அந்த வண்டியின் நிழல், பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி வாக்கில், வண்டியை விட்டுவிட்டுத் தான் மட்டும் கிளம்பி வந்து, திருச்செங்கோட்டில் அவர் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டது.

முதலில் பார்த்தவள் அவர் சம்சாரம் தெய்வானை. மிளகாய் காயப்போட வந்தவள், விரித்த பாயில் முக்கால்வாசி நிழலில் கிடப்பதைப் பார்த்து, இந்த நேரத்துக்கு இங்கே எங்கிருந்து நிழல் என்று அண்ணாந்தாள். மரமில்லை, மேகமில்லை, கரண்டுக் கம்பியில் ஒரு காக்காய்கூட இல்லை. கையை நீட்டித் துழாவினாள், ஒன்றும் தட்டுப்படவில்லை. தரையில் பார்த்தால் முன்பக்கம் உப்பி, பின்பக்கம் வழிந்து, நடுவில் உருண்டையாக ஒரு சக்கரம், மூக்கில் நீட்டிக்கொண்டு ஒரு கொக்கி. காலண்டர் தாளைக் கிழித்துக் கிழித்து அதன் முதுகில் புருசன் வரைந்து தள்ளிய அதே உருவம், அதில் எழுதியிருந்த அதே நீளம். "வந்ததுதான் வந்தே, சித்தெ தள்ளிப் படுத்தா என்ன?" என்று அதனிடம் சொல்லிவிட்டு, பாயை வெயில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வண்டிக்கு வெளிநாட்டில் கண்ணீர்த்துளி என்று பேராம். ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்னக் கூண்டு, உள்ளே ரெண்டு பேர் படுக்கிற மெத்தை, பின்கதவைத் தூக்கினால் அடுப்பு, ரோடே இல்லாத காட்டிலும் கல்லிலும் ஏறி இறங்குகிற உயரத்துக்குச் சக்கரம். ஓசூரில் இருக்கிற மகள் வித்யாதான் படம் அனுப்பி வைத்தாள். ஊருக்குக் கிளம்புகிற வண்டிக்குக் கண்ணீர் என்று எவனாவது பேர் வைப்பானா என்று திட்டிவிட்டு, தெய்வானை அதைத் துளிவண்டி என்று கூப்பிட ஆரம்பித்தாள், வீட்டில் அதே நிலைத்தது.

துளிவண்டி எதற்கு என்றால், அதற்குப் பதினெட்டு வருஷம் பின்னால் போக வேண்டும். நாச்சிமுத்து ரிக் வண்டிக்காரர், தண்ணிக்குப் போர் போடுகிற ரிக். திருச்செங்கோட்டில் பாதிப் பேர் பிழைப்பு அது. கர்நாடகம், ஆந்திரம், ராஜஸ்தான், ஒடிசா என்று வடக்கே போய்விட்டால், மழை பிடித்தால்தான் ரிக்குக்கு ஓய்வு, ரிக்குக்கு ஓய்வு வந்தால்தான் தெய்வானைக்குப் புருசன். சத்தீஸ்கரில் சால்மரக் காட்டுக்குள்ளே, தார் ரோடு முடிந்து ரெண்டு ஆற்றில் இறங்கி ஏறினால் பிப்ராடி என்று ஒரு ஊர். அங்கே ஒரு குழியில் பாறைக்குள்ளே துளைபோடுகிற பிட் மாட்டிக்கொண்டது, அதை எடுக்காமல் அவரால் கிளம்ப முடியவில்லை, மகள் பெரியவளான சீருக்கு அப்பன் வந்து சேரவில்லை. ஒறம்பரை சனம் அத்தனை பேரும் "எங்கம்மா மாப்பிள்ளை?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். பந்தல் பிரிக்கிற நேரத்தில் போன் வந்தது. "தெய்வா, முன்னூத்திப் பத்து அடியில தண்ணி அடிச்சிருச்சு, கல்கண்டாட்ட இருக்குது" என்றார். தெய்வானை போனை வைத்தாள்.

அன்றைக்கு வைத்த போன்தான், அதற்குப் பிறகு அந்தத் தண்ணியை அவள் விடவில்லை. நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை, திருப்பதி கேட்டதில்லை. "எம் புள்ளை சீரை விட அப்படி என்ன தண்ணின்னு நான் ஒரு வாய் குடிச்சுப் பாக்கோணும், கூட்டிட்டுப் போங்க" என்று ஒவ்வொரு மழைக்கும் கேட்டாள். ரிக்கை விட்டு இறங்கினதும் முதல் வேலை அதுதான் என்று அவரும் ஒவ்வொரு மழைக்கும் சொன்னார். இறங்கியும் ஆயிற்று. பிப்ராடியில் லாட்ஜ் கிடையாது, ரோடு கிடையாது, ஆகவே துளிவண்டி. ஆவணியில் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன், அதற்கப்புறம் காடு மேடெல்லாம் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே ஆவணிக்குள் துளிவண்டி. விஷயம் இவ்வளவுதான், இவ்வளவுக்குத்தான் பதினான்கு மாதம்.

நிழல் வந்த அன்றைக்கே எதிர்வீட்டு ருக்குமணி முருங்கைக்கீரைக் கட்டோடு வந்து அதில் உட்கார்ந்தாள். "அக்கா, குளுகுளுன்னு இருக்குதுங்க, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். தானாக வந்தது என்று தெய்வானை சொன்னதும், "எங்களுக்கெல்லாம் எங்க வருது, எங்க வீட்டுக்காரர் ஒரு குடை வாங்கவே நாலு வருஷம் யோசிச்சாரு" என்றபடி கீரையை உருவ ஆரம்பித்தாள். திருச்செங்கோட்டுப் பங்குனி வெயில் எப்படிப்பட்டது என்று பட்டவர்களுக்குத் தெரியும். மலையும் பாறை, ஊரும் பாறை, காலையில் குடித்த சூடு சாயங்காலம் வரைக்கும் இறங்காது. அதில் எட்டடி நிழல் கிடைத்தால் அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று நோண்டுகிற அளவுக்கு யாருக்கும் கிறுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் டீக்கடை சுப்பராயன் பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார். அதற்கடுத்த நாள் நகராட்சியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து நீளம் அகலம் அளந்து, வண்டிக்கு விதி இருக்கிறது, கட்டடத்துக்கு விதி இருக்கிறது, இதற்கு இல்லை, நேரில் இருந்து ஆய்வு செய்து எழுதுகிறேன் என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தவர், அதிலிருந்து தினமும் ஒரு மணிக்கு ஆய்வுக்கு வந்தார். சூரியன் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நிழல் அசையவில்லை. ஆறரைக்கு ஆபீஸ் விட்ட ஆள் மாதிரி மறைந்து, காலையில் வெயில் ஏறியதும் டாண் என்று அதே இடத்துக்கு வந்துவிடும். பூசாரி ஒருவர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்து நிழலுக்குக் கீழே வைத்து, வராத வண்டிக்குத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனார். பதினொன்று முதல் ஒன்று வரை பொம்பளைகள், ஒன்று முதல் நாலு வரை ஆம்பளைகள் என்று முறை வைத்தார்கள், பைக் நிறுத்தக் கூடாது என்று எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். டவுன் பஸ் கண்டக்டர் "நிழல் எறங்கு, நிழல் எறங்கு" என்று குரல் கொடுக்கத் தொடங்கினார்.

நாச்சிமுத்து மட்டும் அதை மிதிக்காமல் சுவரோரமாகவே வாசலைத் தாண்டினார். நிழலே வந்துவிட்டது, இனி என்ன சாக்கு என்று நினைத்தாரோ என்னவோ, அந்த வாரமே பெங்களூருக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு கம்பெனியில் ரெடிமேட் துளிவண்டி, வெள்ளை வெளேர் என்று வட்ட ஜன்னலோடு நின்றிருந்தது. டை கட்டிய பையன் சூரியசக்தித் தகடு, மடக்கு மேஜை என்று பாடம் ஒப்பித்துக்கொண்டிருக்க, இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் புகுந்து, குழியில் இறக்குகிற கேசிங் பைப்பைத் தட்டிப் பார்க்கிற பழக்கத்தில், கொண்டுபோயிருந்த ஸ்பேனரால் அச்சை நாலு தட்டு தட்டினார். ஐந்தாவது தட்டில் பையனுக்கு அழுகை வந்துவிட்டது. இங்கே வாசலில் அன்றைக்கு நிழலுக்கு வட்ட ஜன்னல் முளைத்து, அதன் வழியாக ஒரு தட்டு அகலத்துக்கு வெயில் விழுந்தது, அதற்கு நேராக உட்கார்ந்திருந்த ருக்குமணி முனகிக்கொண்டே தள்ளி உட்கார்ந்தாள். ஊர் திரும்பியவர், "தகரம் கத்துது தெய்வா, முதல் ஆத்துலயே வாயைப் பொளந்துரும்" என்றார். ஜன்னல் மூடிக்கொண்டது.

அடுத்து மாற்றுவது. நாமக்கல் பக்கம் முட்டை ஏற்றுகிற பழைய வேன் ஒன்று விலைக்கு வந்தது. கூண்டு தயார், வெட்டிப் பின்னால் சக்கரம் வைத்தால் துளிவண்டி. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்த மூன்று நாளும் வாசல் நிழல் சதுரமாக நின்று, அதிலிருந்து உடைந்த முட்டை வாசம் வீசியது. நகராட்சிக்காரர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு ஆய்வை ஒத்திவைத்தார். தெரு சார்பில் சுப்பராயன் போய், "அண்ணா, மூக்குன்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல, ரெண்டு பேரும் அதுக்குள்ள எப்படிப் படுப்பீங்க?" என்று கேட்டார். அதுவும் நியாயம்தான் என்று நாச்சிமுத்து பின்வாங்கினார்.

கடைசியில் கட்டுவது. சங்ககிரி ரோட்டில் பாடி பில்டர் குப்புராஜ், நாற்பது வருஷமாக ரிக் வண்டிக்கும் லாரிக்கும் பாடி கட்டுகிற கை. சாக்பீஸை எடுத்துப் பட்டறைத் தரையில் படம் போட்டார், போடும்போது ரெண்டு பேருக்கும் ரத்தம் சூடேறிவிட்டது. அடிச் சட்டத்துக்கு நாலங்குல இரும்புச் சேனல் என்றார் நாச்சிமுத்து, நாளைக்குப் பேர் கெடும், ஆறங்குலம் போடுவோம் என்றார் குப்புராஜ். பாறையில் நிறுத்தினால் ஆடக் கூடாது என்று ரிக்குக்கு வைக்கிற ஹைட்ராலிக் ஜாக்கி நாலு, அது இருந்தால் கம்ப்ரஸர் இல்லாமல் எப்படி என்று கம்ப்ரஸர் ஒன்று, போர் ராடு அடுக்க ஸ்டாண்டு வரைந்த பிறகுதான் இது தூங்குகிற வண்டி என்று ஞாபகம் வந்து அதை மட்டும் அழித்தார்கள். மெத்தைக்கும் அடுப்புக்கும் இடம் மீதியில்லை. எடை போட்டுப் பார்த்தால் ஆறு டன். வீட்டில் நிற்கிற ஜீப் இதை இழுக்காது, மேட்டில் இதுதான் ஜீப்பை இழுத்துக்கொண்டு பின்னால் போகும். ரிக்கைத் தவிர வேறெதையும் கண்ணால் பார்க்காத ஊரில் வேறெப்படி வரும்?

இந்த மூன்று வழியையும் முடித்துவிட்டு மறுபடி முதல் வழிக்கு அவர் திரும்பியபோதுதான் ருக்குமணி ஒன்றைக் கவனித்தாள். அவர் ஒரு முடிவுக்குக் கிட்டே வரும்போதெல்லாம் நிழல் சுருங்கி எட்டடிக்கு வந்தது. குழம்பினால் பெருத்தது. ஆறு டன் விவகாரத்துக்குப் பிறகு அது வாசலைத் தாண்டித் தெருவில் பாதியை மூடி, நாற்பது பேர் தாராளமாகக் கால் நீட்டுகிற அளவுக்குப் பரந்து, உள்ளே நுழைந்தால் முழங்காலில் சிலீர் என்றது. கத்திரி வெயில் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தெருவில் நடந்ததைச் சதி என்றெல்லாம் சொல்ல முடியாது, வெயில் அப்படி. நாச்சிமுத்து டீ குடிக்க வந்தால் ஒருவர், வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பார். அவர் தலையை ஆட்டுவதற்குள் இன்னொருவர், வாங்கினவன் எல்லாம் தலையில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பார். நகராட்சிக்காரர் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து டயர் வகைகளை மட்டும் ஒரு வாரம் விளக்கினார். குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினார்கள், அவர் உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அக்கறையாக விசாரித்தார்கள். சித்திரை பிறந்தபோது நிழல் நான்கு வீடு தாண்டியது. நிழல் வந்த நாற்பத்தெட்டாம் நாள் அதற்கு விழா எடுத்து, நாச்சிமுத்துவுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அவரும் வாங்கிக்கொண்டார்.

பொன்னாடையோடு வீட்டுக்குள் வந்தவரைப் பார்த்து தெய்வானைக்குத் தலையில் ஒரு குடம் வெந்நீரைக் கொட்டின மாதிரி இருந்தது. ஊர் பண்ணுவது அவளுக்கு எப்போதோ புரிந்துவிட்டது, அவளும் பதினொன்று முதல் ஒன்று வரை அதில் உட்கார்ந்தவள்தானே. புரியாதது இந்த மனுசன். முந்நூறு அடியில் பாறை மாறுகிற சத்தத்தைக் காதாலேயே சொல்கிறவர், ராத்திரியோடு ராத்திரியாக எத்தனை கம்ப்ரஸரைப் பிரித்துப் பூட்டியவர், ரெண்டு சக்கரமும் ஒரு கூண்டும் இருக்கிற ஒரு சாமானுக்கா இத்தனை நாள் குழம்புவார்? இவருக்கு வண்டி பிரச்சினை இல்லை. என்னைக் கூட்டிப்போக இஷ்டமில்லை. அப்படி நினைத்ததும் அடுப்படியில் நின்றபடியே அழுதாள், அழுது முடித்து முகத்தைக் கழுவினாள், அலமாரியிலிருந்து ரெண்டு தலையணையை எடுத்தாள்.

மணி பன்னிரண்டு. வாசலில் முப்பது பேர் இருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில், நிழல் முதல் நாள் வந்து படுத்த இடத்தைத் தேடிப் பிடித்து, தெய்வானை தலையணையைப் போட்டு, கால் வலியோடு மெதுவாகச் சாய்ந்து, பட்டப்பகலில் மல்லாந்து படுத்தாள். "ஏனுங்க, இங்க வந்து படுங்க" என்றாள். தெரு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நாச்சிமுத்து நிலைப்படியில் நின்று, "தெய்வா, எந்திரி, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். "பாக்கட்டுங்க. நாலடி அகலத்துல ரெண்டு பேரு படுக்க முடியுமான்னு அளக்கோணும். வாங்க" என்றாள். ருக்குமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் வந்து, தன் தலையணையில் தலையை வைத்து, விறைத்துக்கொண்டு படுத்தார்.

"என்னைக் கூட்டிட்டுப் போகப் பிடிக்கலீன்னா சொல்லிருங்க, நான் கேக்கறதை உட்டுடறேன்" என்றாள் வானத்தைப் பார்த்தபடி.

அவரும் வானத்தைப் பார்த்தார். பிறகு, முப்பது பேருக்கும் கேட்கிற குரலில், அவளுக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். "அதில்ல அம்மிணி. பதினெட்டு வருசமாச்சு. அங்க இப்ப தண்ணி நின்னு போயிருந்தா? எத்தனை குழி வத்திப் போனதை நான் பாத்திருக்கறேன். உன்னையும் புள்ளையையும் உட்டுப்போட்டுப் போயி நான் தோண்டுனது வெறும் பொந்துன்னு உன்ர கண்ணு முன்னால தெரிஞ்சா, நான் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

தெய்வானை திரும்பி அவரைப் பார்த்தாள். இப்படிப் பயப்படுகிற ஆளா இவர் என்று அவளுக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது, நிழலைப் பார்த்தபோதுகூட அவ்வளவு இல்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. "பொந்தா இருந்தா ரெண்டு பேரும் எட்டிப் பாத்துட்டு வந்துரலாமுங்க" என்றாள்.

அவ்வளவுதான். நான்கு வீடு தாண்டிப் படர்ந்திருந்த நிழல், பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருண்டு வந்தது. ஓரத்தில் இருந்தவர்கள் மேல் சுள்ளென்று வெயில் இறங்க, ஆளுக்கொரு பக்கம் எழுந்து ஓடினார்கள். கடைசியில் அது எட்டடி நீளம், நாலடி அகலத்தில், படுத்திருந்த ரெண்டு பேரை மட்டும் மூடிக்கொண்டு, கறுகறுவென்று நின்றது. தெய்வானை எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, மூக்கில் நீட்டிக்கொண்டிருந்த கொக்கியைப் பார்த்தாள், சுவரோரம் நின்ற ஜீப்பைப் பார்த்தாள். "வாங்கவும் வேண்டாம், மாத்தவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். வண்டியைப் பின்னால எடுங்க" என்றாள்.

அவர் ஜீப்பைப் பின்னால் எடுத்தார். கொக்கியின் நிழல் ஜீப்பின் வாலைத் தொட்டதும் டக் என்று பூட்டுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ருக்குமணி ஓடிவந்து, "அக்கா, நீங்க பாட்டுக்கு இழுத்துட்டுப் போனா நாங்க என்னங்க பண்றது?" என்றாள். "வேப்பங்கன்னு வெச்சுத் தண்ணி ஊத்துங்க" என்றாள் தெய்வானை. ஒரு மணி ஆய்வுக்கு வந்து சேர்ந்த நகராட்சிக்காரர், ஆய்வு முடியவில்லையே என்று வருத்தப்பட்டார், கூட வருகிறீர்களா என்று நாச்சிமுத்து கேட்டதற்கு, லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்.

இப்படியாகப் புருசனும் பொண்டாட்டியும் வெறும் ஜீப்புக்குப் பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டு வடக்கே போனார்கள். சோதனைச் சாவடியில் நிறுத்திய போலீஸ்காரர், ஜீப்பின் பேப்பரைப் பார்த்துவிட்டு, பின்னால் இருப்பதற்கு ஒரு பேப்பரும் கேட்கவில்லை. காலையிலிருந்து வெயிலில் நின்றவர், அதைச் சித்தெ நேரம் தன் பக்கமாக நிறுத்த முடியுமா என்று மட்டும் கேட்டார். இருட்டினால் நிழல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே படுத்தால் புழுக்கம் தெரியவில்லை. அவர் குறட்டை விட்டார், அவள் விலாவில் இடித்தாள். முதல் மூன்று நாள் பேசியதில் பேச்சு தீர்ந்துபோய், நாலாம் நாள் ரெண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அஞ்சாம் நாள் தக்காளி வாங்குகிற இடத்தில் சண்டை போட்டு, அதிலிருந்து பேச்சு நிற்கவே இல்லை. தார் ரோடு முடிந்தது, முதல் ஆற்றில் ஜீப் ஒருமுறை திணறியது, நிழல் நனையாமல் பின்னாலேயே வந்தது.

பிப்ராடியில் அவர் போட்ட குழி மேல் அடிபம்ப் இருந்தது. சுற்றிச் சருகு கிடந்தது, மேடை வெடித்திருந்தது. தூரத்தில் குடத்தோடு நின்ற ஒரு பொம்பளை இவர்களைப் பார்த்துவிட்டு, பலமாக அடிக்க வேண்டும், நிறைய நேரம் அடிக்க வேண்டும் என்று கையாலேயே காட்டினாள். நாச்சிமுத்து கைப்பிடியைப் பிடித்தார். பத்து அடி அடித்தார், இருபது அடி அடித்தார், உள்ளே காற்று மட்டும் சீறியது. வேர்த்து ஊற்றியது, தெய்வானை பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவள் காலை இழுத்துக்கொண்டு வந்து, அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். ரெண்டு பேரும் சேர்ந்து அடித்தார்கள். எத்தனை அடி என்று தெரியாது, அடியிலிருந்து கொரகொரவென்று ஒரு சத்தம் ஏறி வந்தது, ஏறி ஏறி வந்து, துருப்பிடித்த மூக்கிலிருந்து முதலில் செம்மண் நிறத்திலும் பிறகு தெளிந்தும் தண்ணீர் கொட்டியது.

தெய்வானை ரெண்டு கையையும் ஏந்திக் குடித்தாள். வாயில் வைத்து நிதானமாக விழுங்கினாள்.

"எப்படி இருக்குது?" என்றார் அவர்.

"உப்புங்க" என்றாள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "கொஞ்சமாவா?"

"நல்லாவே உப்பு."

கைப்பிடியை விட்டுவிட்டு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடத்தோடு நின்றவள் கிட்டே வந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு குடம் வந்துகொண்டிருந்தது. சீர்ப் பந்தலில் தனியொருத்தியாக நின்ற அன்றைய நாளை நினைத்தாள் தெய்வானை, பதினெட்டு வருஷமாக இந்தத் தண்ணிக்கு வந்துகொண்டிருக்கிற அந்தக் குடங்களைப் பார்த்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் பம்புக்குக் கீழே கையை ஏந்தினாள்.

"நின்னுட்டே இருந்தா எப்படிங்க? அடிங்க, இன்னொரு வாய் குடிக்கறேன்."